வெளிப்பக்கம் திறக்கும் கதவு

மற்றப் பிள்ளைகளெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். மிளகுவின் வீட்டுக்கு மட்டும் பள்ளிக்கூடம் தானாக நடந்து வந்தது.

மிளகு என்பது அப்பா வைத்த பட்டப்பெயர். கறுப்பாகச் சின்னதாக இருப்பாள், தொட்டால் சுரீரென்று பேசுவாள் என்பதால். பள்ளிக்கூடத்தில் கொடுத்த நல்ல பெயர் ஒன்றும் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

வளர்ந்துவிட்ட இப்போது அவளுக்குப் பகலில் வேலை, சாயங்காலம் படிக்க வகுப்பு. வகுப்பு நடக்கும் அறையில் மின்விசிறி உண்டு, சுவர் அகலத்துக்குப் பலகை உண்டு. எல்லாம் இருந்தும் அங்கே உட்கார்ந்திருக்கும்போது ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருக்கும். வகுப்பு முடிந்து வரும் வழியில் யாராவது ஈரத்துணிமேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து, சுர்ரென்று ஆவி கிளம்பினால் போதும். அந்த வாசனையில் எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கும். எது முதலில் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதில் அவளுக்குச் சந்தேகம் உண்டு. ஞாபகம் தானாகச் சேர்த்துக்கொண்டது எவ்வளவு என்றும் தெரியாது. கதவு, டிரைவரின் வெள்ளைக் கோட்டு, கடைசியில் பெய்த மழை, இவற்றில் மட்டும் சந்தேகமே கிடையாது.

அந்த வருஷம் அடித்த மழையில் பள்ளிக்கூடத்துக் கூரை ஒரு விடுமுறை நாளில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. விடுமுறை என்பதால் யார் தலைமேலும் விழவில்லை. பெரிய வகுப்புகள் சிலவற்றை மரக்கடைக் கிடங்குக்கும், மற்றவற்றை லாரி ரிப்பேர் கொட்டகைக்கும் அனுப்பினார்கள். குட்டி வகுப்பைத்தான் யாரும் சீந்தவில்லை. மூக்கொழுகுகிற பிள்ளைகள், நினைத்த இடத்தில் ஒன்றுக்குப் போகிற பிள்ளைகள். தலைமை ஆசிரியர் தெருத் தெருவாக அலைந்து, கடைசியில் இஸ்திரிக்காரர் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். மிளகுவின் அப்பாதான் அந்த இஸ்திரிக்காரர்.

"காலையில எங்க இஸ்திரி அறை சும்மாதான் சார் கெடக்கு. நான் துணி எடுக்கப் போயிடுவேன். மத்தியானத்துக்கு மேலதான் பெட்டி வெப்பேன். அதுக்குள்ள பிள்ளைங்க போயிடணும், அவ்வளவுதான்."

"தொந்தரவா இருக்காதா?"

"எங்க வீட்லயும் ஒரு உருப்படி இருக்கே. தெருவுல ஓடறதுக்கு இங்கயே உக்காரட்டும்."

அப்படித்தான் பள்ளிக்கூடம் வந்தது.

அறையில் பாதி இடத்தை மேசை பிடித்துக்கொண்டிருந்தது. கம்பளிமேல் கம்பளி விரித்து, அதன்மேல் பழைய வெள்ளை வேட்டி போர்த்திய மேசை. வேட்டியில் இங்கும் அங்கும் பெட்டி சுட்ட பழுப்புத் தடங்கள். பிள்ளைகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இடம் போதாதவர்கள் மேசைக்கு அடியில் உட்கார்ந்தார்கள். மேசைக்கு அடியில் இடம் பிடிக்கத்தான் போட்டி. ஜன்னல் என்று ஒன்றும் கிடையாது. தெருப்பக்கம் ஒரு கதவு, கொல்லைப்பக்கம் ஒரு கதவு. தெருக்கதவைப் புழுதிக்காக ஒருக்களித்தே வைத்திருப்பார்கள். காற்று வருவதென்றால் கொல்லைக் கதவு வழியாகத்தான் வரவேண்டும்.

அந்தக் கொல்லைக் கதவுதான் கரும்பலகை ஆனது. ஒற்றைக் கதவு, கறையானுக்குப் பயந்து தார் பூசியது. உள்ளே மேசை இடிக்கும் என்பதால் வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாட்டியிருந்தார்கள். பாடம் நடக்கும்போது டீச்சர் அதை இழுத்துச் சாத்தி, உட்பக்கத்தில் எழுதுவார். பாடம் முடிந்து பிள்ளைகள் போனதும் அம்மா அதை வெளியிலிருந்து இழுத்துத் திறப்பாள். கதவு அரை வட்டம் போய் வெளிச்சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்போது டீச்சர் எழுதியதெல்லாம் கொல்லையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கொல்லையில்தான் அம்மா நாள் முழுக்க இருந்தாள். தொட்டி, துவைக்கும் கல், கஞ்சி காய்ச்சும் அடுப்பு, குறுக்கும் நெடுக்கும் கொடிகள். முதல் நாளே டீச்சர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"அக்கா, துணி அடிக்கிற சத்தத்துல என் சத்தம் எனக்கே கேக்கலக்கா."

"அடிக்காம அழுக்கு போகாதே டீச்சர்."

"அடிங்க, வேணாம்னு சொல்லல. நாங்க மூச்சு விடற நேரத்துல அடிங்க."

டீச்சர் விளையாட்டாகச் சொன்னார். அம்மா அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். டீச்சர் "க" என்பார். பிள்ளைகள் "க" என்று கத்துவார்கள். பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் கல்லில் ஒரு 'தொப்'. டீச்சர், பிள்ளைகள், தொப். இந்த ஒழுங்கில் நாலைந்து நாளில் எல்லாருக்கும் பழகிவிட்டது. என்றைக்காவது அம்மா தண்ணீருக்குப் போய், தொப் விழாவிட்டால், பிள்ளைகள் அடுத்த எழுத்துக்குப் போகாமல் காத்திருந்தார்கள்.

மத்தியானம் அப்பா வந்து பெட்டியில் கரி போட்டு ஊதுவார். கரி கனிந்ததும் அறை வேறு அறையாகிவிடும். அடுப்புச் சாம்பலில் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் புதைத்து வைத்து, போகிற பிள்ளைகளின் கையில் ஆளுக்கொரு துண்டு வைப்பார். சூடு தாங்காமல் கைமாற்றிக் கைமாற்றி ஓடும் பிள்ளைகளைப் பார்த்து, "பள்ளிக்கூடம் விட்டுச்சா, இல்ல தேள் கொட்டிச்சா?" என்பார்.

அந்த வேளையில் மிளகு கொல்லையில் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பார்த்தாள். அம்மா துவைகல்லின் காய்ந்த பக்கத்தில் ஈர விரலால் எதையோ இழுத்தாள். கதவைப் பார்த்தாள். மறுபடி இழுத்தாள். வெயிலில் அது ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வந்து இல்லாமல் போயிற்று.

"அம்மா, அது ச-தானே?"

"எது?"

"இப்ப போச்சே."

"ஒண்ணுமில்ல. கல்லு கழுவினேன். சோத்தத் தின்னு."

காலையில் கதவுக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்கிறது. மத்தியானம் கதவு திரும்பி வடிவத்தைக் காட்டுகிறது. இரண்டையும் வரிசைப்படி சேர்த்துக்கொண்டால் போதும் என்று அம்மா எப்போது கண்டுபிடித்தாள் என்பது மிளகுவுக்கு இன்றுவரை தெரியாது.

ட வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மேலிருந்து நேராக இறங்கி, வலது பக்கம் காலை நீட்டி உட்கார்ந்தால் ட. பிள்ளைகளுக்கு அதைப்போலச் சுலபமான எழுத்து வேறு இல்லை. டீச்சர் எழுதிவிட்டுத் திரும்பினார்.

"க-வுக்குக் கல்லுன்னு சொன்னீங்க. ச-வுக்குச் சக்கரம்னு சொன்னீங்க. ட-வுக்குச் சொல்லுங்க பாப்போம். நம்ம பாஷையில ட முதல்ல வர்ற வார்த்தையே கெடையாது. பாவம், அதுக்குன்னு ஒரு சொந்த வீடு இல்ல."

மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "டாக்டர்."

"டீ," என்றது இன்னொன்று.

"டயரு." "டவுசரு." "டிரைவரு." "டெய்லரு."

டீச்சர் சிரித்துக்கொண்டே தலையில் கை வைத்துக்கொண்டார். "எல்லாம் வாடகைக்கு வந்த வார்த்தைங்க. இருந்துட்டுப் போகட்டும். நாம மட்டும் என்னவாம், வாடகை கூடக் குடுக்காம உக்காந்திருக்கோம்."

கதவுக்கு வெளியே அன்றைக்கு 'தொப்' விழவில்லை. அம்மா கையில் துணியை ஓங்கியபடியே நின்றிருக்க வேண்டும். இவர்களிடம் வெளுக்கவும் தேய்க்கவும் அதிகமாகத் துணி போடுகிறவர்கள் மூன்றே பேர். தெருமுனை டாக்டரம்மா, சந்தைப் பக்கத்து டெய்லர், பஸ் ஓட்டும் டிரைவர். மூன்று வீட்டையும் தாங்கிக்கொண்டு ஒரே எழுத்து வந்து நிற்கும் என்று அவள் எதிர்பார்த்திருக்க மாட்டாள்.

அப்பாவுக்குப் படிப்பு இல்லை. மூட்டை கட்டும் காவித் துண்டின் முடிச்சுக்குப் பக்கத்தில் கரியால் புள்ளி வைப்பார். ஒரு புள்ளி டாக்டரம்மா வீடு. இரண்டு புள்ளி டெய்லர். மூன்று புள்ளி டிரைவர். அவருக்கு அது போதுமாக இருந்தது.

மழையில் துணி காயாமல் வேலை குவிந்துபோன ஒரு வாரம். அப்பா தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்து, மூட்டை கட்டாமலே படுத்துவிட்டார். காலையில் அம்மா எழுந்து கட்டினாள். கரித்துண்டைத் தேடியிருப்பாள். கையில் கிடைத்தது கதவோரத்தில் டீச்சர் வைத்திருந்த சாக்பீஸ். கட்டி முடித்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள்.

அப்பா சைக்கிளை வெளியே எடுத்துவிட்டு மூட்டையைப் புரட்டினார்.

"புள்ளி எங்க போச்சு? எதுடி டாக்டரம்மா மூட்டை?"

மிளகு பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாய் நிறையப் பொடியோடு ஓடிவந்தாள். முதல் மூட்டையில் ட. அவள் பார்வைக்கு எழுத்து பளிச்சென்று இருந்தது.

"எழுத்து போட்டிருக்குப்பா. நான் படிக்கவா?"

அப்பா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "படிப்பியா நீ?"

"டாக்டரு," என்றாள் முதல் மூட்டையைத் தொட்டு. அடுத்ததிலும் ட. அதை டெய்லரு என்றாள். அதற்கடுத்ததிலும் ட. மிச்சமிருந்தது டிரைவர்தானே?

அப்பா குனிந்து அவள் தலையில் கை வைத்தார். "கூரை விழுந்ததும் ஒருவிதத்துல நல்லதுக்குத்தான்டா," என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு மிதித்துப் போனார். தெருமுனை திரும்பும்வரை மணி அடித்துக்கொண்டே போனார். காரணமில்லாமல் மணி அடிக்கிற ஆள் இல்லை அவர்.

பாடம் பாதியில் இருக்கும்போது தெருக்கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு வெள்ளைக் கோட்டு உள்ளே வந்தது. கோட்டுக்குள் டிரைவர் இருந்தார். தோள் கொள்ளாமல் பொத்தான்கள் இழுத்துக்கொண்டிருந்தன.

"யாருக்கு ஜுரம்? எல்லாரும் நாக்க நீட்டுங்க."

பிள்ளைகள் மொத்தமாக நாக்கை நீட்டினார்கள். டீச்சர் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டார்.

"சிரிக்காதீங்க டீச்சர். காக்கி வரும், மாட்டிட்டு வண்டி எடுக்கலாம்னு பிரிச்சா இதுதான் இருக்கு. இதோட ஸ்டியரிங்கப் புடிச்சா வண்டி ஆஸ்பத்திரிக்குள்ளதான் போகும். எங்க நம்ம அண்ணன்?"

அப்பா வந்துகொண்டிருந்தார். விஷயம் அவருக்கும் எட்டிவிட்டது, சைக்கிளைச் சுவரில் சாய்த்த சத்தத்திலேயே தெரிந்தது. டிரைவரின் காக்கி டெய்லர் வீட்டுக்குப் போயிருந்தது. அளவு சின்னதாக்கக் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று டெய்லர் பாதித் தையலைப் பிரித்துவிட்டார். டெய்லர் தேய்க்கக் கொடுத்த ரவிக்கைகள் டாக்டரம்மா வீட்டில் இறங்கின. அதில் ஒன்றில் இருந்த குண்டூசி டாக்டரம்மாவின் விரலில் ஏறிவிட்டது. டாக்டருக்கே ஊசி போட்ட இஸ்திரிக்காரன் என்று தெருவே சிரித்தது. விஷயம் சிரிப்போடு நிற்கவில்லை. இனிமேல் துணி எடுக்க வரவேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியனுப்பிவிட்டார்.

அப்பா டிரைவரையும் டீச்சரையும் தாண்டி நடந்தார். கதவைத் தள்ளித் திறந்து கொல்லைக்குப் போனார். மிளகு பின்னாலேயே போனாள். படித்தது அவள்தானே?

"யாரு எழுதினது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். "நான்தாங்க."

"நீயா? உனக்கு எழுத்து எங்கருந்து வந்துச்சு?"

அம்மா சுவரோடு ஒட்டி நின்ற கதவைப் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். கதவில் அன்றைய பாடம் வெயிலில் நின்றது.

"ஏன், என் புள்ளிக்கு என்ன கொறச்சல்?"

"கொறச்சல்னு யாரு சொன்னா?"

"பின்ன?"

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "புள்ளி ஊமையா இருக்குங்க. இதப் பாத்தா வாய்க்குள்ள சத்தம் கேக்குது."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்கே உடனே தோன்றியிருக்க வேண்டும். அப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கோபத்தைக் காணோம். வேலைக்கு நடுவில் பெட்டி கைதவறிக் காலில் விழுந்தால் ஒரு நிமிஷம் மூச்சுப் பேச்சில்லாமல் நிற்பாரே, அந்த முகம்.

"டீச்சரம்மா," என்றார் உள்ளே திரும்பி. "வேற இடம் பாத்துக்குங்க."

"அண்ணே, நான் டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை..."

"சாக்பீஸ் தூள் வேற துணியில ஒட்டுது. முடிச்சிக்குங்க டீச்சரம்மா."

டீச்சர் வாதாடவில்லை. லாரிக் கொட்டகையில் ஒரு மூலை காலியாக இருந்தது. வார முடிவில் போய்விடுவதாகச் சொன்னார். மிச்சமிருந்த நாட்களில் ண வந்தது, த வந்தது, ந வந்தது. கல்லில் தொப் விழுந்தது, ஆனால் மெதுவாக. துணிக்கு வலிக்கக் கூடாது என்பதுபோல.

கடைசி நாள் பிள்ளைகளை அனுப்பிவிட்டு டீச்சர் கொல்லைக்கு வந்தார். அம்மா கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்குத் தெரியாமப் போச்சே. எது வரைக்கும் தெரியும் உங்களுக்கு?"

"நீங்க எது வரைக்கும் வந்தீங்களோ, அது வரைக்கும்."

"அந்த மூட்டை விஷயம் உங்க தப்பில்லக்கா. ட-வுக்குப் பக்கத்துல கால் போட்டா டாக்டர். முன்னாடி கொம்பு வெச்சா டெய்லர். மேல சுழிச்சு விட்டா டிரைவர். மூணும் வேற வேற. அதெல்லாம் அடுத்த வருஷப் பாடம்."

"அடுத்த வருஷமா," என்றாள் அம்மா. கேள்வியாகவும் இல்லை, பதிலாகவும் இல்லை. கையிலிருந்த சட்டையை உதறினாள். உதறிய சட்டையை மறுபடியும் உதறினாள்.

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸோடு கதவுக்குப் போனார். பழைய பாடத்தைத் துடைத்துவிட்டு, ப-வில் தொடங்கி மிச்சமிருந்த எழுத்துகள் அத்தனையையும் பெரிது பெரிதாக எழுதினார். கதவின் அடிவரைக்கும் குனிந்து எழுதினார்.

"வடிவம் இங்க இருக்கட்டும். சத்தத்த நம்ம மிளகு கொண்டுவருவா. ஒரு எழுத்து முடிஞ்சதும் அன்னிக்கே கொண்டுவந்துடணும். என்னடி, வழியில தொலைச்சிட மாட்டியே?"

மிளகு தலையை ஆட்டினாள்.

லாரிக் கொட்டகையில் நிஜமான கரும்பலகை இருந்தது. டீச்சருக்கு நாற்காலியும் இருந்தது. பிள்ளைகள் பழைய டயர்களுக்குள் உட்கார்ந்துகொண்டார்கள். மிளகுவுக்கு எதுவும் பிடிக்கவில்லை. கிரீஸ் வாசனை, சுத்தியல் சத்தம், நினைத்த நேரத்தில் உறுமும் இன்ஜின். "க" என்று சொல்லிவிட்டு அவள் காது தானாக அடுத்ததற்குக் காத்திருக்கும். தொப் வராது. இந்தப் பள்ளிக்கூடத்தில் அம்மா இல்லை. முன்பு மட்டும் இருந்தாளா என்ன, கதவுக்கு வெளியேதானே இருந்தாள்? ஆனாலும் இல்லை.

புது எழுத்து நடக்கிற நாளில் சத்தத்தை வாயில் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். வழியில் யார் பேசினாலும் பதில் சொல்ல மாட்டாள்.

"ப. பல்லியில வர்ற ப," என்று கொல்லையில் வந்து இறக்கி வைப்பாள். அம்மா தொட்டியை விட்டு எழுந்து போய்க் கதவைப் பார்ப்பாள். விரலை எழுத்தின்மேல் படாமல் ஓட்டிப் பார்ப்பாள். ஈரக் கை பட்டால் போய்விடும். ஊரார் துணியிலிருந்து எத்தனையோ கறையை எடுத்தவள், அந்தக் கதவில் மட்டும் தண்ணீர் தெறிக்காமல் தொட்டியையே நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

ம வந்தது, ய வந்தது. ர நடந்த அன்றைக்கு ஒரு நாய் துரத்தியது. ஓடிய ஓட்டத்தில் வாயிலிருந்தது எங்கேயோ விழுந்துவிட்டது. வெறும் வாயோடு வந்து நின்றாள்.

"மறந்துட்டேம்மா."

அம்மா திட்டவில்லை. "நாய் கடிக்கலையே?" என்று காலைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு போய்த் துணியை எடுத்து அடித்தாள். அன்றைக்கு அடித்த அடியில் ஒரு தலையணை உறை கிழிந்தது.

இது எதிலும் அப்பா வாய் திறக்கவில்லை. மத்தியானம் வந்து கதவை வெளியே தள்ளுவார். எழுத்துகள் அவரைக் கடந்து சுவருக்குப் போகும். அவர் பெட்டியை ஊதப் போய்விடுவார். ஆனால் ஒரு நாள் சைக்கிளில் கிடந்த மூட்டையைப் பார்த்து மிளகு நின்றுவிட்டாள். சாக்பீஸால் எழுதிய ட. எழுதியது அம்மாதான், காலை அப்படி நீட்டி எழுதுவது அவள் பழக்கம். எழுத்தின் தலைக்குமேல் கரியால் ஒரு புள்ளி.

"இட்," என்று படித்தாள் மிளகு.

"என்னது?" என்றார் அப்பா.

"புள்ளி வெச்சா இட்டுன்னுதான்பா படிக்கணும். டீச்சர் சொன்னாங்க."

"இட்டுமில்ல, கொட்டுமில்ல. ஒரு புள்ளி, டாக்டரம்மா வீடு. அவங்க புடிச்ச புது இஸ்திரி ஆளு காலரப் பொசுக்கிட்டானாம், திரும்ப நம்மளையே கூப்பிட்டாங்க." சைக்கிளில் ஏறி உட்கார்ந்துவிட்டு, "இட்டாம்," என்றார் தனக்குள். அவர் உதட்டோரம் கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. அசையாமலும் இருந்திருக்கலாம்.

மழை பெய்தது ழ நடந்த நாளில்.

டீச்சர் அன்றைக்கு அந்த ஒரு எழுத்தோடு வெகுநேரம் போராடினார். நாக்கை மடி, மேலே தொடாதே, உருட்டு. பிள்ளைகள் யானைக்குட்டி மாதிரி கத்தினார்கள். "மழையில வர்ற ழ" என்று டீச்சர் சொல்லி வாய் மூடவில்லை, கொட்டகைத் தகரத்தில் சடசடவென்று இறங்கியது. பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். மிளகுவுக்குச் சிரிப்பு வரவில்லை. மத்தியானம் ஆகியிருந்தது. அப்பா பெட்டி வைத்திருப்பார். கதவு வெளிச்சுவரில் திறந்து நிற்கும்.

டீச்சர் கூப்பிடக் கூப்பிட அவள் ஓடினாள். சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. நாக்கை மடித்து, அதன்மேல் ழ-வை வைத்து, வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டு ஓடினாள். சத்தம் இருந்து என்ன, வடிவம் போய்விட்டால்? மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டே அழுதாள்.

தெருக்கதவைத் தள்ளினதும் முகத்தில் அனல் அடித்தது. அறை முழுக்கக் கரிப்புகை. கண் எரிந்தது. அப்பா சட்டையைக் கழற்றிப் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தார். நெற்றி வியர்வை துணியில் விழாமல் தோளால் துடைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் கொல்லைக் கதவு சாத்தித் தாழ் போட்டிருந்தது.

எத்தனையோ மழைக்கு அந்தக் கதவு திறந்தேதான் இருந்திருக்கிறது. நிலையில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டால் சாரல் நின்றுவிடும். பெட்டி எரியும்போது கதவைச் சாத்தினால் மனுஷன் நிற்க முடியாது என்று அவரே சொல்வார். சாக்கு அதன் ஆணியில் மடித்தபடி இருந்தது.

அம்மா கொடியில் கிடந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு, வீட்டைச் சுற்றித் தெருப்பக்கமாக நனைந்தபடி வந்தாள். "வெளிய ஆளு இருக்கறது தெரியாம ஏங்க இப்படி..." என்று ஆரம்பித்தவள் கதவைப் பார்த்துவிட்டு நின்றாள். கையில் அணைத்திருந்த துணியிலிருந்து நீர் தரையில் சொட்டியது.

"சாரல் உள்ள அடிச்சுது," என்றார் அப்பா, தலை நிமிராமல்.

பெட்டி போய் வந்தது. கூரையில் மழை இரைந்தது.

"இன்னிக்கு என்னவாம்?" என்றார் அப்பா. யாரைக் கேட்கிறார் என்று முதலில் புரியவில்லை. மிளகு வாயைத் திறந்தாள்.

"ழ. மழையில வர்ற ழ."

"ள," என்றாள் அம்மா.

"அது இல்லம்மா. நாக்க மடிக்கணும். ழ."

"ல," என்றார் அப்பா.

அம்மா துணியை மேசை ஓரத்தில் போட்டுவிட்டுக் கதவுக்குப் போனாள். மேல் வரிசை பிழைத்திருந்தது. கீழே பாதி கரைந்து வெள்ளைக் கோடுகளாக வழிந்திருந்தது. அவள் உட்கார்ந்து தேடினாள். ஒரு எழுத்தின்மேல் விரலை நிறுத்தினாள். "இதுவா? இது ம மாதிரியில்ல இருக்கு?"

"அதேதான்," என்றார் அப்பா. "கீழ வால் ஒண்ணு இருந்துச்சு. அதான் அழிஞ்சுபோச்சு."

அம்மா திரும்பிப் பார்த்தாள்.

அப்பா பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, மிளகுவிடம் கையை நீட்டினார். அவள் பையிலிருந்த சாக்பீஸ் துண்டு மழையில் நனைந்து மெத்தென்றாகியிருந்தது. அதை வாங்கி, கரித்துண்டைப் பிடிக்கிற மாதிரியே பிடித்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எங்கே தொடங்குவது என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு ம-வின் அடியிலிருந்து கீழே இறக்கி, ஒரு வளைவு வளைத்துவிட்டார். கோணலாகத்தான் இருந்தது.

"இப்படித்தானே?"

"இப்படித்தான்," என்றாள் அம்மா.

கொஞ்ச நேரத்தில் மழை விட்டது. கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அறை கரி அடுப்பாகக் கொதித்தது. மூன்று பேருக்கும் முகத்தில் வியர்வை வழிந்தது. கதவில் ஈரம் காயவேண்டும். அதுவரை யாரும் அதைத் திறக்கவில்லை.